நல்ல தண்ணி எது? புத்தளக் கரையோரத்துக் குடிநீர் பற்றி

கல்பிட்டிக் குடாநாட்டில் ஏத்தாளைப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். உச்சி வெயிலில் மணலில் கால் வைக்க முடியவில்லை. தோட்டக்காரர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், மோட்டார்க் குழாயின் வாயில் ஒரு கோப்பையைப் பிடித்து நிரப்பித் தந்தார். "குடிச்சுப் பாருங்க தம்பி, இளநி தோத்துப் போகும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். தெளிந்த, குளிர்ந்த, மணமோ சவரோ துளியும் இல்லாத தண்ணீர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இரண்டும் உப்பு. நடுவில் இப்படியொரு தண்ணீர் கிடைப்பது அதிசயம்தான். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், கிணற்றுக்கு நாலு முழம் தள்ளி யூரியாப் பை ஒன்று வாய் பிரிந்து கிடந்தது.

அன்று பொழுதுபட்டு, புத்தளம் நகரில் உறவுக்கார வீடொன்றில் இருந்தேன். மாமி பிளேன்டீ ஊற்றித் தந்தார். அடுப்படியில் இருந்த பழைய கேத்தலின் உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. அது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் ஞாபகம். குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்து பல காலமாகிறது. ஆனால் மாமி அதைக் குடிப்பதில்லை. "மருந்து மணம் வாப்பா" என்கிறார். துணி துவைக்க, பாத்திரம் கழுவக் குழாய்த் தண்ணீர். தேநீருக்கும் குடிக்கவும் கடையில் நிரப்பி வரும் கேன் தண்ணீர்.

தோட்டத்துக் கிணறு, குழாய், கேன் மூன்றையும் அடுக்கச் சொன்னேன். தயங்காமல் அடுக்கினார். முதலிடம் கல்பிட்டித் தோட்டத்துக் கிணறு, அடுத்தது கேன், கடைசி குழாய். கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு நான் அடுக்கினால் இந்த வரிசை ஏறக்குறையத் தலைகீழாகும். இந்தக் கரையில் தண்ணீருக்கு நீதிபதி நாக்குத்தான். அந்த நீதிபதிக்குத் தெரிந்த சட்டம் உப்பும் மணமும் மட்டுமே.

முதலில் மணலைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து வடக்கே வந்து பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் தொடங்குகிறது கல்பிட்டிக் குடாநாடு. நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, குறிஞ்சிப்பிட்டி என்று ஊர்கள் தொடர, கடைசியில் கல்பிட்டி நகரும் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையும். இங்கே ஆறு இல்லை. பாறையும் மேலே இல்லை. பெய்கிற மழை மணலுக்குள் நேரே இறங்குகிறது. பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். மணலுக்கு அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறியிருக்கிறது. மழைநீர் இலேசானது, கடல்நீர் கனமானது. ஆகவே நன்னீர் உப்புநீரின் மேல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், ஒரு வில்லைபோல் மிதக்கிறது. இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்து 2005இல் பானபொக்கையும் பெரேராவும் எழுதிய நூலில், கல்பிட்டியும் மன்னார்த் தீவும் கரையோர மணல் நீர்ப்படுகை என்ற ஒரே வகைக்குள் வருகின்றன.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். 1880களின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுப் படைப் பொறியாளர் கைபன் இதை எழுதினார். 1901இல் ஜேர்மனியரான ஹெர்ட்ஸ்பேர்க் தனியே கண்டு சொன்னார். கல்பிட்டிக் கோட்டைக்குள் கிணற்று நீரை அளவாய்க் குடித்துக் காலம் தள்ளிய ஒல்லாந்தச் சிப்பாய்களுக்கு, தங்கள் நாட்டவர் ஒருவர் இருநூறு ஆண்டு கழித்து இதற்குக் கணக்குப் போடுவார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கணக்கின் மறுபக்கம்தான் நமக்கு வேண்டியது. மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டம் நிலையாக ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே ஏறி வரும். சவர் தட்டிவிட்டது என்று சொல்லி மூடிய கிணறுகளின் கதை இதுதான்.

சவர் தட்டினால் நாக்கு உடனே சொல்லிவிடும், கிணறும் கைவிடப்படும். நாக்கு சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் நைத்திரேற்று.

கல்பிட்டி மணலில் சும்மா விட்டால் ஒன்றும் விளையாது. தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. இங்கே வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கிறவர்கள் உழைப்பாளிகள், கெட்டிக்காரர்கள். நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ தண்ணீர் தெளிக்கிறார்கள். மணல் ஓட்டைப் பாத்திரம். ஆகவே யூரியாவையும் அடிக்கடி, அள்ளி அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. பயிர் எடுத்தது போக மிச்சம், மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறி, தெளித்த தண்ணீரோடு கீழே போகிறது. கீழே இருப்பது அதே கிணற்றின் தண்ணீர். மறுநாள் அதே தண்ணீர் மோட்டாரில் ஏறி அதே பாத்திக்கு வருகிறது, இன்னும் கொஞ்சம் யூரியாவைக் கரைத்துக்கொண்டு திரும்ப இறங்குகிறது. தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே தண்ணீர் செக்குமாடாய்ச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1986இலேயே பிரித்தானிய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லோரன்ஸும் நம் நாட்டு குருப்பாராச்சியும் கல்பிட்டி விவசாயத்தால் நிலத்தடி நீருக்கு வரும் கேட்டைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்கள். தோட்டங்களுக்கு அடியிலுள்ள நீரில் நைத்திரேற்று கூடிக்கொண்டே போவதை அது காட்டியது. அதற்குப் பின்னும் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன. 1988இல் நாகராஜாவும் மற்றவர்களும் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளை ஆராய்ந்து இதே வகை முடிவைச் சொன்னார்கள். அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே மணல். வெங்காயமும் யூரியாவும் ஒன்றுதான். நாற்பது ஆண்டாக நாம் அறிந்த ஒன்றை ஏத்தாளையில் எனக்குக் கோப்பை நீட்டியவர் அறியவில்லை என்றால், குற்றம் அவர்மேல் இல்லை.

நைத்திரேற்று எவ்வளவு இருக்கலாம்? குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதன் 2013 பதிப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஒரே எல்லையைச் சொல்கின்றன: ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம். கேட்டால் ஏதோ பெரிய அளவுபோல் தோன்றாது. ஒரு யூரியாப் பையை வைத்துப் பார்த்தால் விளங்கும். 50 கிலோ யூரியாவில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். அது முழுக்க நைத்திரேற்றானால் ஏறக்குறைய 100 கிலோ. அந்த 100 கிலோ, கலப்பில்லாத 20 இலட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைவரை கொண்டுபோகப் போதும். ஒரே ஒரு பை. முழுப் பையும் கீழே இறங்காது என்பது சரிதான். காற்பங்கு இறங்கினாலும் 5 இலட்சம் லீற்றர்.

ஏன் இந்த 50? விடை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் பண்ணை வீடுகளில் இருக்கிறது. 1945இல் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் உடம்பு நீலம் பாரித்துவந்த பச்சைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். நெஞ்சிலும் கோளாறு இல்லை, நுரையீரலிலும் கோளாறு இல்லை. புட்டிப்பாலைக் கரைத்த கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று நிறைந்திருந்தது. குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பிடித்து, ஒட்சிசன் சுமக்க முடியாமல் ஆக்கிவிடுகிறது. உதடும் நகக்கண்ணும் சாம்பல் நீலமாகும், குழந்தை மூச்சுக்குத் தவிக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம். பெரியவர்களின் உடம்பு தாங்கிக்கொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் பயமில்லை, தாய் குடிக்கும் நைத்திரேற்று பாலில் அவ்வளவாக வருவதில்லை. வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டால் நீலம் பாரிப்பது கூடும் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். அதாவது யூரியாவும் மலசலகூடக் குழியும் ஒரே கிணற்றில் கலந்தால் இரட்டைக் கேடு.

பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? 2018இல் டென்மார்க்கில் 27 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, இந்த எல்லைக்கு மிகக் கீழான அளவிலும் பெருங்குடற் புற்றுநோய் சற்றுக் கூடுவதாகச் சொன்னது. ஓர் ஆய்வை வைத்து ஊரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் 50 என்பது குழந்தையின் இரத்தத்தை வைத்துப் போட்ட கோடு, ஆயுள் முழுக்கக் குடிப்பவருக்காகப் போட்டதல்ல என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இங்கேதான் நம் வீட்டு வழக்கமொன்று எதிராகத் திரும்புகிறது. "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) முதல் பள்ளிக்கூட ஆசிரியர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்குப் பிழை. அது ஆவியாகாது. 4 லீற்றர் தண்ணீரை 3 லீற்றராகச் சுண்டக் கொதிக்க வைத்தால், 60 மில்லிகிராம் இருந்த இடத்தில் 80 இருக்கும். குழந்தைக்குக் கூடுதல் கவனமாய் நெடுநேரம் கொதிக்க வைக்கும் தாய்தான் கூடுதலாய் ஊட்டுகிறாள். மெழுகுதிரி வடிகட்டியும் கரித்தூள் வடிகட்டியும் இதைத் தொடமாட்டா. குளோரீனும் தொடாது.

தோட்டக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நோக்கம் எனக்கில்லை. 2021 ஏப்ரல் மாதக் கடைசியில் அரசு இரசாயனப் பசளையை ஒரே அறிவிப்பில் நிறுத்தியபோது, அந்த ஆண்டு முடிவதற்குள் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் விளைச்சல் விழுந்தது, கடன் ஏறியது, பசளை விலையும் பல மடங்கானது. மக்கள் உடல்நலத்துக்காக என்று சொல்லிச் செய்த அந்தத் தடை, நிலத்தடி நீரை அளந்து எந்த ஊரில் எவ்வளவு குறைப்பது என்று பார்க்கவில்லை. எங்கெங்கும் ஒரே வெட்டு. அதன் பலன், இன்றைக்கு யூரியாவைக் குறையுங்கள் என்று யாராவது வாயெடுத்தாலே தோட்டக்காரர் முகம் சுருங்குகிறது.

அவரிடம் வேறு மாதிரிப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஓர் ஏக்கருக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் தெளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 20,000 லீற்றர். அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று சரியாக 50 மில்லிகிராம் என்றால், அதிலுள்ள நைதரசன் நாளுக்கு ஏறத்தாழ 230 கிராம். நூறு நாள் பயிருக்கு 23 கிலோ. ஒரு முழு யூரியாப் பை! கிணறு ஏற்கெனவே ஒரு பையை இலவசமாகப் போட்டுவிட்டது. தண்ணீரில் 100 மில்லிகிராம் இருந்தால் இரண்டு பை. தெளித்ததெல்லாம் வேருக்குக் கிடைக்காது என்று கழித்துப் பார்த்தாலும் கணிசமான காசு. இந்தக் கணக்கைக் கமநல சேவை நிலையத்தில் யாராவது தோட்டக்காரருக்குப் போட்டுக் காட்டினால், குழந்தை நலம் என்று பேசுவதைவிடச் சீக்கிரம் காதில் ஏறும். நைத்திரேற்றுப் பார்க்கும் காகிதப் பட்டை நனைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறம் காட்டும். ஆய்வுகூடத் துல்லியம் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்குக்கு அது போதும்.

யூரியா மட்டும் காரணமில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறக்குறைய 75,000 பேரில் பெரும்பங்கினர் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். தென்னந்தோப்புகளில் ஓலைக்கொட்டில்கள் எழுந்தன. ஒரு கிணற்றில் ஒரு குடும்பம் அள்ளிய இடத்தில் ஒரு முகாமே அள்ளியது. பக்கத்திலேயே மலசலகூடக் குழிகள். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பம் ஆண்டு முழுக்கக் குழியில் இறக்கும் நைதரசன் கிட்டத்தட்ட ஒரு யூரியாப் பைக்குச் சமம். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி விடவேண்டும் என்பது பழைய விதி. பத்துப் பேர்ச்சில் நாலு கொட்டில் நின்ற இடத்தில் அந்த 50 அடிக்கு எங்கே போவது? போதாததற்கு மணல் கிருமியையும் வேகமாகக் கடத்தும். வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே அந்த நாட்களில் எழுந்த பல சண்டைகள் கிணற்றடியில்தான் தொடங்கின என்று இரு தரப்பிலும் சொல்வார்கள். 2007இல் உலக வங்கி 3 கோடி 20 இலட்சம் டொலர் கடனுதவியில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டோடு குடிநீரும் மலசலகூடமும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டியிருந்தது. வெளியேற்றம் நடந்து 17 ஆண்டு கழித்து.

புத்தளத்தில் யாரிடமாவது "தண்ணீரைக் கெடுப்பது எது?" என்று கேட்டுப்பாருங்கள். யூரியா என்று ஒருவரும் சொல்லமாட்டார். நுரைச்சோலை என்பார்கள், அறுவைக்காடு என்பார்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. நுரைச்சோலையில் இப்போது 900 மெகாவாட்டாக உள்ள நிலக்கரி மின்நிலையம் 2011இல் ஓடத் தொடங்கியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரித்தூசியும் சாம்பலும் தோட்டத்தில், கொடியில் காயும் துணியில் படிகின்றன என்ற முறைப்பாடு நியாயமானது. சாம்பல் மேட்டிலிருந்து உலோகங்கள் இறங்குகின்றனவா என்பதை ஒழுங்காக அளந்து பகிரங்கப்படுத்த வேண்டும் என்று கேட்பதும் நியாயம். கொழும்புக் குப்பை விடயமும் அப்படித்தான். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல மேடு சரிந்து உயிர்களைக் குடித்தபின், குப்பையைப் புத்தளத்து அறுவைக்காட்டுக்கு ஏற்றிவரும் திட்டம் வேகம் பிடித்தது. ஊர் மாதக்கணக்கில் தெருவில் இருந்து எதிர்த்தது. 2019இல் லொறிகள் வந்தேவிட்டன. எங்கோ பெருநகரில் தின்று கழித்ததை எங்கள் வாசலில் கொட்டுகிறார்கள் என்ற கோபத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆனாலும் கல்பிட்டிக் கிணற்றின் நைத்திரேற்றை நுரைச்சோலை போடவில்லை. 1986 அறிக்கை வந்தபோது அங்கே புகைபோக்கியே இல்லை. வெளியாரின் குப்பைக்கு எதிராகத் திரளத் தெரிந்த ஊர், தன் கிணற்றடிப் பைக்கு எதிராகத் திரளத் தெரியாமல் நிற்கிறது. இது சொல்லக் கசப்பான சங்கதிதான். இறாற் பண்ணையிலும் இதைக் கண்டோம். எண்பதுகளில் முந்தல், உடப்பு, சிலாபம் என்று களப்போரம் எங்கும் குளம் வெட்டி உப்புநீரை நிலத்துக்குள் தேக்கினார்கள். காசு வந்தவரை யாரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தபின்தான் பேச்சு எழுந்தது.

இனி மாமி கடைசி இடம் கொடுத்த குழாய்க்கு வருகிறேன்.

புத்தளம் நகரம் நெடுங்காலம் நிலத்தடி நீரை நம்பியிருந்தது. வனாத்தவில்லுப் பக்கம் நிலத்தின் ஆழத்தில் சுண்ணாம்புக்கல். அந்த நீர் வன்மையானது, சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலில் படியும். வன்மைக்கு இலங்கைத் தரம் லீற்றருக்கு 250 மில்லிகிராம். ஆனால் வன்மை தானாக நோய் தருவதாக உலக சுகாதார நிறுவனம் கொள்ளவில்லை, அதற்கு நலம் சார்ந்த எல்லையே விதிக்கவில்லை. உள்நாட்டுப் பகுதிகளில் பரவியுள்ள சிறுநீரக நோய்க்கு வன்மையும் ஒரு துணைக் காரணமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. அதைப் பற்றி உறுதியாய்ப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

பின்னர் ஆற்று நீர் வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2008இல் ஒப்புக்கொண்ட உலர்வலய நகர நீர்வழங்கல் திட்டத்தில் வவுனியா, மன்னார், புத்தளம், சிலாபம் என்று நான்கு நகரங்கள். சிலாபத்துக்குத் தெதுறு ஓயா, புத்தளத்துக்குக் கலா ஓயா. எழுவன்குளத்தில் நீரை எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புவது ஏற்பாடு. கலா ஓயா என்றால் தாதுசேனன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கலா வாவியின் ஆறு. 1976 முதல் மகாவலித் தண்ணீரும் அதில் சேர்கிறது. மலைநாட்டில் பெய்த மழை, வழியெல்லாம் வயல்களைக் கழுவிக்கொண்டு, இராஜாங்கனையைக் கடந்து, கடைசியில் மாமியின் குழாயில் வருகிறது. ஆறு பெருகும்போது கலங்கல், வற்றும்போது பாசி. இரண்டையும் நீக்கியாக வேண்டும். நீக்கியபின் வழியில் கிருமி சேராமலிருக்கக் குளோரீன் இட வேண்டும்.

அந்த மருந்து மணம்தான் மாமிக்குப் பிடிக்காதது. குழாய் வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது குளோரீன் மிஞ்சியிருந்தால்தான் வழியில் ஏதாவது கிருமி புகுந்தாலும் சாகும். மணமே இல்லாத நாளில்தான் நான் யோசிப்பேன். மணம் வேண்டாம் என்றால் மண்பானையில் ஊற்றி மூடி சற்றுத் திறந்து சில மணி நேரம் வைத்தால் போய்விடும், காசு செலவில்லை.

குழாய்க்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் நின்று நின்று வரும் ஊரில், நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, வெடிப்புள்ள இடத்தில் சாக்கடை நீரை உள்ளே உறிஞ்சிவிடும். மீண்டும் வரும் முதல் தண்ணீர் கலங்கலாக இருப்பது அதனால்தான். அதைச் சற்று ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். வீட்டுக் கூரைமேல் இருக்கும் தாங்கியை எத்தனை பேர் கழுவுகிறார்கள்? நான் ஒரு முறை வாடகைக்கு இருந்த வீட்டில் தாங்கியின் மூடியைத் திறந்தால் பல்லி ஒன்று மிதந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அதனாலென்ன, மேல் தண்ணியைத்தானே அது குடிச்சிருக்கும்" என்றார். நீர்வழங்கல் சபை சுத்தமாக அனுப்பிய தண்ணீர் கடைசிப் பத்து அடியில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

என்ன குறை இருந்தாலும் குழாய்த் தண்ணீருக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. 1975 முதல் இயங்கும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அதனிடம் ஆய்வுகூடம் இருக்கிறது, சோதனைப் பதிவு இருக்கிறது. கேள்வி கேட்கலாம், முறைப்பாடு எழுதலாம், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் சோதனை முடிவுகளைக் கேட்டுப் பெறலாம். ஐயோவாவில் நடந்ததைப் பாருங்கள். அதே மாநிலத்தின் தலைநகர் டி மொயினில் ஆற்று நீரில் நைத்திரேற்று ஏறியபோது, நகர நீர்ச்சபை 1990களின் தொடக்கத்திலேயே அதைப் பிரித்தெடுக்கப் பெரும் நிலையம் ஒன்று கட்டியது. 2015இல் மேலேயுள்ள விவசாயப் பகுதிகளின் வடிகால் சபைகள்மேல் வழக்கும் போட்டது. 2017இல் வழக்கு தள்ளுபடியானது. தோற்றாலும் நகரம் குடிக்கும் தண்ணீருக்காக வழக்காட ஓர் அமைப்பு இருந்தது. கல்பிட்டித் தோட்டத்துக் கிணற்றுக்காக யார் வழக்காடுவார்? அது அவரவர் கிணறு. சோதிப்பதும் அவரவர் பாடு, சோதிக்காததும் அவரவர் பாடு.

கேன் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆர்.ஓ. எனப்படும் சவ்வு முறை நைத்திரேற்று, வன்மை, உப்பு, புளோரைட்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் நீக்கும் என்பது உண்மை, சவ்வு நன்றாக இருக்கும்வரை. சவ்வு பழுதானால் தண்ணீரின் தோற்றம் மாறாது. இன்னொன்று, அதில் குளோரீன் இல்லை. கழுவாத கேனில், கழுவாத கையால் நிரப்பி, வெயிலில் லொறியில் வைத்தால் கிருமி வளரத் தடையில்லை. முத்திரையிட்ட போத்தல் தண்ணீருக்கு உணவுச் சட்டத்தின்கீழ் பதிவும் விதிகளும் உண்டு. தெருமுனையில் நிரப்பித் தரும் கேன்மேல் அந்தக் கண் அவ்வளவு கூர்மையாக விழுவதில்லை. அதோடு, ஒரு கேன் நல்ல தண்ணீர் எடுக்க ஏறக்குறைய அதே அளவோ கூடவோ கழிவுநீர் வெளியே போகிறது. எங்கே? பெரும்பாலும் அதே மணலுக்குள். பிரித்தெடுத்த நைத்திரேற்றையும் உப்பையும் செறிவாக்கித் திரும்ப ஊர்க் கிணற்றுக்கே கொடுக்கிறோம்.

ஆக என் தீர்ப்பு இது. நகரத்தில் குளோரீன் மணக்கும் குழாய்த் தண்ணீரை நம்பலாம், தாங்கியைக் கழுவிக்கொண்டு. கேனை வாங்குகிறவர் கடைசியாகச் சோதித்த தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். குடாநாட்டில் குழாய் நீரை எல்லா ஊருக்கும் கொண்டுபோவதுதான் நெடுநாள் வழி. அது வரும்வரை தோட்டத்துக் கிணறுகளைச் சோதித்து, குடிக்கும் கிணறு, தோட்டக் கிணறு என்று நிறம் பூசிப் பிரிக்க வேண்டும். சோதித்த முடிவு அலுவலகக் கோப்பில் தூங்காமல் பள்ளிவாசல் பலகையிலும் கோவில், தேவாலய வாசலிலும் பிரதேச சபைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருகிற மாதத்தில் இதைத் தொடங்கினால், ஊரும் பார்க்கும், வந்தவர்களும் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் காலம் எடுக்கும். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குக் கடன் வங்கி தேவையில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகிறார். எடை பார்க்கிறார், தடுப்பூசி அட்டை பார்க்கிறார், தாய்ப்பால் போதுமா என்று விசாரிக்கிறார். கல்பிட்டியிலும் நுரைச்சோலையிலும் அவர் இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: "பால்மா கரைப்பதென்றால் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்கிறீர்கள், பிள்ளை?" பதில் தோட்டத்துக் கிணறு என்றால், கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து நனைத்துப் பார்க்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்தப் பட்டைகளை அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.